வாவியின் ஓசையும் சங்கத்தின் ஏடும்



மட்டக்களப்பு என்றதும் பாடும் மீன் நினைவுக்கு வருவது வழக்கம். அந்நாட்டு மக்கள் தம் மண்ணை மீன்பாடும் தேன்நாடு என்றே போற்றுவர். எனினும் பாடுவது மீன்தானா, அன்றி வேறோர் உயிரா என்னும் வினாவுக்கு முடிந்த முடிபான விடை இன்றுவரை கிடைத்திலது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ஒரு வாவி. அதன் இரு மருங்கும் நெருங்கிய ஊர்கள். தலைமுறை தலைமுறையாக அதிலே வலை வீசி வாழும் மக்கள். இவ்வளவும் இருந்தும் இவ்வினா ஏன் தீரவில்லை? இதற்குக் காரணம் அறிவின் குறைவன்று. குறைவு வேறோரிடத்தில் உள்ளது. அதனை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற் மட்டக்களப்புக்கு வந்திருந்தார். வாவியிலிருந்து இன்னோசை எழுகின்றது என்று கேள்வியுற்ற அவர், நிலவு எழுந்தபின் மீனவருடன் தோணியேறிப் புறப்பட்டார். கோட்டை வாயிலை அடுத்த இறங்குதுறையிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ இருநூறு யார் தூரத்தில் தோணி நின்றது. காற்றில்லை; அலையில்லை. நீரினடியிலிருந்து மெல்லிய நரம்போசை போன்ற ஒலிகள் பல எழுந்தன. அவை ஒரே நெடுங்குரலாக இராமல், உச்சமும் மந்தமுமாகத் தனித்தனியே பிரிந்து கேட்டன என்கிறார் அவர். தோணியின் மரப்பலகையில் காதை வைத்தபோது ஓசை பெருகியது. இடத்துக்கு இடம் அது வேறுபட்டது.

ரெனன்ற் கண்டதையும் கேட்டதையும் திகதியோடும் இடத்தோடும் குறித்துக்கொண்டார். 1859இல் வெளியான தம் இலங்கை வரலாற்று நூலிலும், 1861இல் வெளியான இயற்கை வரலாற்று நூலிலும் அதனைச் சேர்த்தார். மீனவர் சொன்னவற்றையும் அவர் விட்டுவிடவில்லை. ஓசைக்குக் காரணம் மீனன்று, ஒருவகை ஊரியே என்றனர் மீனவர். வறட்சிக் காலத்தில் மட்டுமே அது கேட்கும். மழை பெய்து புதுவெள்ளம் வாவியிற் புகுந்தால் அடங்கிவிடும் என்றும் கூறினர். அந்த ஊரிக்கு அவர்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் என்று ஒரு தொடரை ரெனன்ற் ஆங்கில எழுத்திலே பொறித்துள்ளார். அவர் எழுதியவாறு படித்தால் ‘ஊரி கூலீரூ கிராடூ’ என்று ஒலிக்கும். தமிழ்ச் செவிக்கு இது புலப்படாமற் போகாது. குளிறுதல் என்றால் ஒலித்தல். ‘ஊரி குளிறுகிறது’ என்பதே அத்தொடராதல் வேண்டும். இருளிலே ஒரு மீனவன் கைகாட்டிச் சொன்ன ஒரு முழு வாக்கியம், ஓர் உயிரினத்தின் பெயராக அச்சேறிவிட்டது! பழுது துரைமகனுடையதன்று. கேட்டதைக் கேட்டவாறு எழுத முயன்றவர் அவர் ஒருவரே. அன்று தமிழிலே அதனைக் குறித்துவைக்க ஓர் ஏடு இருக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

மீனவர் சொன்னவற்றில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. ஓசை வறட்சிக் காலத்துக்கு உரியது என்பது அவர்கள் கண்டறிந்தது. ஓசைக்குக் காரணம் ஊரி என்பது அவர்கள் ஊகித்தது. ஊரி முதலியவற்றுக்கு மீன்களின் காற்றுப்பை போன்ற ஒலியெழுப்பும் உறுப்பு இல்லை. மீன்களிலோ ஒலியெழுப்புவன பல. கீச்சான் என்று ஒரு மீனுக்குப் பெயரிட்ட தமிழர், அதன் குரலைக் கேட்டே அவ்வாறு பெயரிட்டிருத்தல் வேண்டும். ஆகவே ஊகம் பிழைபடலாம். ஆனால் மாதமும் மழையும் பற்றிய அவதானம் விலைமதிப்பற்றது. அவதானத்தையும் ஊகத்தையும் பிரித்து வைப்பதே விஞ்ஞானத்தின் முதற்பாடம். அதனை ஒருவர் தனியே இருந்து செய்தல் அரிது. சொல்பவர் ஒருவர், ஐயுறுபவர் ஒருவர், மீண்டும் போய்ப் பார்த்து வருபவர் ஒருவர் என மூவராவது வேண்டும். அம்மூவரும் பேசியதை எழுதிவைக்க ஓர் ஏடு வேண்டும். அந்த மூவரும் ஏடுமே விஞ்ஞானச் சங்கம் எனப்படுவது.

1960களில் வணக்கத்துக்குரிய லாங் அடிகளாரின் உதவியோடு வாவியின் ஓசையை இலங்கை வானொலி நாடெங்கும் ஒலிபரப்பியது. கேட்டவர் வியந்தனர். வியப்புக்குப் பின் வரவேண்டிய பணி, எந்த மாதம், எந்தத் திதி, எத்தனை அடி ஆழம், நீரில் உப்பு எவ்வளவு என்று ஆண்டுக்கணக்கிற் குறித்து வைக்கும் பணி. ஒலிப்பதிவுக் கருவி ஓர் இரவைக் காப்பாற்றித் தரும். பல்லாண்டுகளின் இரவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்ட ஏட்டினாலன்றி இயலாது.

இத்தகைய ஏடுகள் எவ்வாறு தோன்றின என்பதைச் சற்றே நோக்குவோம். இலண்டன் றோயல் சொசையிற்றியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பேர்க் 1665ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓர் ஏட்டைத் தொடங்கினார். இன்றளவும் வெளிவரும் அவ்வேடு, அந்நாளில் அவருடைய சொந்தப் பொறுப்பிலும் சொந்தச் செலவிலுமே நடந்தது. வருவாய் கிட்டும் என்று அவர் எண்ணினார். எண்ணியதிற் சிறு பங்கே கிட்டியது. அயல்நாட்டு அறிஞரோடு ஓயாது கடிதம் எழுதியதால் ஐயத்துக்கு ஆளாகி, 1667இல் இலண்டன் கோபுரச் சிறையிலும் அடைபட்டார். ஒரு சஞ்சிகையின் பத்திராதிபராய் இருப்பதில் இத்துணை இடருண்டு!

அதே சங்கத்துக்கு மீன்களாலும் ஓர் இடர் நேர்ந்தது. 1686இல் மீன்களின் வரலாறு பற்றி வில்லபி என்பாரின் பெருநூலொன்றைப் படங்களுடன் அது அச்சிட்டது. நூல் விற்கவில்லை, பணப்பெட்டி வறண்டது. மறு ஆண்டு நியூற்றனின் மாபெரும் நூல் அச்சுக்கு வந்தபோது சங்கத்திடம் காசில்லை. ஹாலி என்னும் வானியலறிஞர் தம் கைப்பணத்தைக் கொடுத்து அதனை வெளியிட்டார். அந்த ஹாலிக்குச் சங்கம் தரவேண்டியிருந்த சம்பளத்துக்கு ஈடாக வழங்கப்பெற்றவை எவை? விற்காது தேங்கிய மீன் நூலின் பிரதிகள்! உலகின் முதன்மையான சங்கத்தின் நிலையே இதுவெனின், சிற்றூர்ச் சங்கங்கள் சந்தாப் பாக்கியைக் கண்டு மனந்தளர வேண்டுவதில்லை.

நமக்கு அணித்தான உதாரணமொன்றும் உண்டு. சென்னை மாகாணத்தில் துணைக் கலெக்டராகப் பணியாற்றியவர் வி. இராமசுவாமி ஐயர். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். வரிவசூலுக்கும் வழக்குக்கும் இடையே கணிதத்தை நேசித்தவர். புதிய கணித நூல்களும் அயல்நாட்டுச் சஞ்சிகைகளும் தனியொருவர் வாங்கக் கட்டுப்படியாகாதவை. பலர் கூடிப் பணம் போட்டு வாங்கி, ஒருவர் படித்தபின் மற்றொருவருக்குத் தபாலில் அனுப்பினால் என்ன என்று அவர் எண்ணினார். அந்த எளிய எண்ணத்திலிருந்து 1907இல் ஒரு கழகம் பிறந்தது. அதுவே இந்தியக் கணிதச் சங்கமாக வளர்ந்தது. 1909இல் அதன் சஞ்சிகை தொடங்கியது.

அடுத்து நிகழ்ந்தது பலரும் அறிந்த கதை. ஆயினும் சஞ்சிகையின் பக்கமிருந்து அதனை நோக்குவோர் சிலரே. 1910இல் வேலை தேடி வந்த ஓர் இளைஞர் தம் குறிப்பேடுகளை இராமசுவாமி ஐயரிடம் காட்டினார். அவர் இராமானுசன். ஐயர் வருவாய்த்துறையில் ஓர் எழுத்தர் வேலையைக் கொடுத்து அவரை அடக்கிவிட விரும்பவில்லை. சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். மறு ஆண்டில் இராமானுசனின் முதற் கட்டுரை சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. அவர் எழுதிய முறை பிறருக்கு எளிதில் விளங்காதது. படிகள் பலவற்றைத் தாண்டிச் செல்வது. பெங்களூரிலிருந்த ஆசிரியர் எம். ரி. நாராயண ஐயங்கார் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார்; திருத்தி வந்ததை மீண்டும் திருப்பினார். சலிப்புற்று மூலையிற் போட்டிருந்தால் எவரும் அவரைக் குறைகூறியிருக்க மாட்டார். அவர் போடவில்லை. அதே சஞ்சிகையின் வினாப் பகுதியில் மூலத்துக்குள் மூலமாக முடிவின்றிச் செல்லும் கோவையொன்றின் பெறுமானத்தை இராமானுசன் கேட்டார். எவரும் விடை அனுப்பாதுபோகவே, அது மூன்று என்று பின்னர் அவரே காட்டினார். விடை வாராத வினாவுக்கும் இடங்கொடுத்த பக்கம் அது. கேம்பிரிட்ஜுக்கு எழுதுமுன் தம்மை அச்சிற் காண அவருக்கு வாய்த்த இடம் இச்சிறு சஞ்சிகையே.

இச்செய்தியிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். சிறு சங்கத்தின் உயிர் தலைவரிடத்தில் இல்லை. தலைவர் ஆண்டு விழாவில் மாலையேற்பவர். தபாலைப் பிரிப்பவரும், எழுத்தைத் திருத்துபவரும், அச்சுக்கூடத்துக்கு நடப்பவரும், சந்தா தராதவருக்கு மூன்றாம் முறையும் முகங்கோணாது கடிதம் வரைபவரும் ஆகிய ஓரிருவரிடத்திலேயே அது தங்கியிருக்கும். அவ்விருவரும் ஊர்மாறிச் சென்றால் அடுத்த இதழ் வராது. ஆசிரியத் தொழிலிலும் அரசாங்க சேவையிலும் உள்ளோரே எங்கும் இத்தகைய சங்கங்களை நடத்துவோராகையால், ஓர் இடமாற்றக் கட்டளையே ஒரு சஞ்சிகையை முடித்துவிடப் போதும். முதலிதழ் வெளியிட ஊரெல்லாம் உற்சாகம் கொள்ளும். ஏழாவது இதழுக்கு எழுதுவோரைத் தேட விளக்குப் பிடிக்க வேண்டியிருக்கும். முதலிதழில் வாழ்த்துச் செய்திகள் பாதிப் பக்கத்தை விழுங்குவது மற்றொரு நோய். வாழ்த்தைக் குறைத்து ஓர் அட்டவணையை அச்சிட்டிருந்தால் ஐம்பதாண்டு கழித்தும் அதனைத் தேடி எவரேனும் வருவார்.

மொழியைப் பற்றிய சிக்கலும் உண்டு. றோயல் ஏசியாற்றிக் சொசையிற்றியின் இலங்கைக் கிளை 1845இல், ரெனன்ற் வாவியிலே தோணியேறுவதற்கு மூன்றாண்டு முன்னரே, கொழும்பில் நிறுவப்பட்டது. அதன் சஞ்சிகைக்கு ஆண்டுக்கணக்கில் வெளிவராத காலங்களும் உண்டு; ஆயினும் மீண்டெழுந்தது, இன்றும் வாழ்கிறது. அரிய செய்திகள் பல அதிலுள்ளன. ஆனால் அது ஆங்கில ஏடு. ‘ஊரி குளிறுகிறது’ என்று சொன்ன மீனவரோ அவர் மக்களோ அதனைப் படித்துத் திருத்தும் வாய்ப்பு இல்லை.

தமிழிலே விஞ்ஞானம் எழுதச் சொல் வேண்டுமென்று சங்கம் கண்டவரும் இச்சிக்கலிலிருந்து எளிதிலே தப்பவில்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வேங்கடசுப்பையரும் தமிழ் விஞ்ஞானச் சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்துச் சஞ்சிகையும் வெளியிட்டனர். சொற்கள் தமிழ், சஞ்சிகை ஆங்கிலம்! இன்று அது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் அன்று விஞ்ஞானம் கற்றவர் ஆங்கிலத்திலேயே கற்றவராகையால், அவர்களை அழைக்க அவர்களறிந்த மொழியிலேயே அழைக்க வேண்டியிருந்தது போலும். சங்கம் நெடுநாள் வாழவில்லை. அது விதைத்த எண்ணம் வாழ்ந்தது. இராஜாஜியே பின்னாளில் ‘திண்ணை இரசாயனம்’ என்று தமிழிலே நூலெழுதினார்.

அந்த எண்ணத்தை மேலும் ஒரு படி உயர்த்தியவர் மட்டக்களப்புத் தமிழகம் ஈன்ற பெருமகன் சுவாமி விபுலானந்தர். 1892இல் காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்று, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும் 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கியவர். இரசாயனம் கற்பித்த ஆசிரியர். ‘இராமகிருஷ்ண விஜயம்’, ‘வேதாந்த கேசரி’, ‘பிரபுத்த பாரத’ ஆகிய சஞ்சிகைகளை நடத்திய பத்திராதிபர். சொல்லும் தெரிந்து, பொருளும் தெரிந்து, அச்சும் தெரிந்த ஒருவர் கிடைப்பது அரிதினும் அரிது. 1936இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொல்லாக்கப் பணியை மேற்கொண்டபோது அவரையே தலைமை தாங்கச் செய்தனர். துறைவாரியாக அறிஞர் கூடி, ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு ஆக்கிய ‘கலைச்சொற்கள்’ 1938இல் வெளியாயிற்று. 1950களிலும் 1960களிலும் இலங்கைப் பாடசாலைகளிலே தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கப் புகுந்தபோது, செய்யக்கூடிய காரியம் இது என்ற துணிவுக்கு அத்தகைய முன்முயற்சிகளே கால்கோள்.

ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. அடிகளார் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். பாடும் மீனுக்குப் பேர்போன கல்லடிப் பாலம் அங்கிருந்து தொலைவன்று. வாவியின் இசையை உளங்கொண்டு, நீரரமகளிர் பாடுவதாக இனிய செய்யுளும் ‘யாழ்நூ’லிற் பாடிவைத்தார். விஞ்ஞானப் பட்டதாரி, பத்திராதிபர், சொல்லாக்கத் தலைவர், வாவிக்கரைவாசி என எல்லாத் தகுதியும் ஒருங்கே அமைந்த அவரிடமிருந்து அந்த ஓசை பற்றி நமக்குக் கிடைத்தது கவிதை, அவதான ஏடன்று. இது அவர்மீது குறைகூறுவதாகாது. ஆயிரம் நரம்பு யாழை மீட்டெடுக்க ஓர் ஆயுளே போதாது. 1947 யூனில் ‘யாழ்நூல்’ அரங்கேறியது. யூலையில் அவர் மறைந்தார். தனிமனிதர் எத்துணைப் பெரியவராயினும் சங்கத்தின் வேலையைத் தாமே சுமக்க இயலாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. விவசாய பீடத்தார் ஆராய்ச்சிச் சஞ்சிகையும் வெளியிடுகின்றனர். உலகோர் காண அவை ஆங்கிலத்தில் இருத்தல் தகும். ஆனால் பல்கலைக்கழக ஏட்டுக்கும் மீனவர் வாடிக்கும் இடையே ஒரு வெளி உண்டு. பாடசாலை விஞ்ஞான ஆசிரியரும், கூட்டுறவுச் சங்கக் கணக்கரும், மருந்தாளரும், கடற்றொழில் உத்தியோகத்தரும் கூடும் சிறு சங்கமொன்றின் இடம் அந்த வெளியே. அதன் ஏடு தமிழில் இருத்தல் வேண்டும். சொன்னவரிடமே திரும்பிச் சென்று வாசித்துக் காட்டத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.

அத்தகைய ஏட்டுக்கு வேண்டியன மிகச் சில. ஆண்டுக்கு இரண்டிதழ் போதும். மாத இதழ் என்று வாக்களித்து மூன்றாம் மாதம் நின்றுபோவதிலும் அது மேல். அவதானம் வேறு, கருத்து வேறு என்று இரு பகுதிகள். கட்டுரையை ஆசிரியரல்லாத ஒருவரேனும் படித்துப் பார்க்கும் ஒழுங்கு. பிரதிகளை ஓரிடத்தில் வைக்காது பல இடங்களில் வைக்கும் எச்சரிக்கை. இது வெறும் சம்பிரதாயமன்று. 1978 நவம்பரில் அடித்த சூறாவளியும் 2004 டிசெம்பரில் எழுந்த ஆழிப்பேரலையும் அக்கரையோரத்திற் கூரைகளையும் மனைகளையும் மட்டுமா கொண்டுபோயின? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, மறுபிரதியில்லாத ஏடுகள் என்றென்றைக்கும் அழிந்தன. 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்துத் தமிழ்ச் சஞ்சிகைகளை இலக்கமுறையிற் சேமித்து வருகின்றனர். பத்துப் பக்கத்துச் சிற்றேடும் அங்கு இடம்பெறலாம். அச்சுச்செலவுக்கு வழியில்லாத சங்கத்துக்கு இது ஓல்டன்பேர்க்குக்கும் வாய்க்காத வசதி.

முதலிதழில் எதனை வெளியிடுவது என்று மலைக்கவும் வேண்டுவதில்லை. பாலமீன்மடு முகத்துவாரத்தின் மணற்றிடல் எந்தத் திகதியில் அடைபட்டது, எந்தத் திகதியில் வெட்டித் திறக்கப்பட்டது, வடகீழ்ப் பருவமழையின் முதல் வெள்ளம் வாவியில் எந்நாள் இறங்கியது, அன்று வலையில் அகப்பட்ட மீன்கள் எவை, அவற்றை மீனவர் எப்பெயரிட்டு அழைத்தனர் என்பன ஓராண்டு குறிக்கப்பட்டால் ஓர் அட்டவணை தேறும். அதன் பக்கத்திலேயே ஓசை கேட்ட இரவுகளும் கேளாத இரவுகளும் வரட்டும். கேளாத இரவுகளைக் குறிக்கவே பலரும் மறந்துவிடுவர். இக்காலத்தில் ஓசை அருகிவிட்டது என்று முதியோர் சொல்வதுண்டு. அது மெய்தானோ, அன்றி மோட்டார்ப் படகுகளின் இரைச்சலில் நம் செவி மங்கியதோ என்று முடிவுசெய்ய, இன்றைய கணக்கை ஒப்பிட நேற்றைய கணக்கு இல்லை.

ரெனன்ற் குறித்த இடத்தை இன்றும் கண்டுகொள்ளலாம். கோட்டை வாயில் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து வடகிழக்கே இருநூறு யார். தோணிக்காரர் துடுப்பின் ஒரு முனையை நீரிலாழ்த்தி மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்பர். வறட்சிக் காலத்தில், காற்றடங்கிய ஒரு நிலவிரவில், இரண்டு ஆசிரியரும் ஒரு மீனவரும் அங்குச் சென்று, கேட்டதையோ கேளாததையோ திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி, மூவரும் கையொப்பமிட்டால், சங்கத்தின் முதற்கூட்டம் அன்றே நடந்துவிட்டதாகும்.